பிட்ச்: தமிழில் எடுத்துரைப்பு

புத்தொழில் தொடங்கியவர்கள் கூடும் இடங்களில் "நாளைக்கு பிட்ச் இருக்கு", "பிட்ச் டெக் ரெடியா?" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். பணம் போடக்கூடியவர் முன்னால் நின்று, இது என்ன தொழில், யாருடைய குறையைத் தீர்க்கும், காசு எப்படி வரும் என்று சில நிமிடங்களில் சொல்வதுதான் பிட்ச். அப்போது காட்டும் படவில்லைகளின் (ஸ்லைடுகளின்) தொகுப்பு பிட்ச் டெக்.

ஆங்கிலத்தில் இது பழைய வினைச்சொல். குத்தி நிறுத்துவது, ஊன்றுவது என்பது அதன் முதற்பொருள். கூடாரம் அடிப்பதற்கும் அதே சொல்தான். ஸ்டம்பு ஊன்றுகிற இடம் என்பதால் கிரிக்கெட்டிலும் புகுந்தது. இங்கிலாந்தில் தெருவியாபாரி கடை விரிக்கும் இடத்துக்கும் பிட்ச் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு வழக்கு, இன்றும் இருக்கிறது. ஆளை இழுத்துப் பொருளை விற்கும் பேச்சுக்கும் அந்தப் பெயர் பிறகு வந்தது. (தார் போன்ற கீல் என்ற பொருளில் வரும் பிட்ச் வேறு சொல். அது லத்தீன் வழி வந்தது.)

தமிழில் என்ன சொல்வது? 'முன்மொழிவு' என்றால் எழுதிக் கொடுக்கும் திட்டம் நினைவுக்கு வருகிறது. 'விளக்கவுரை' என்றால் எல்லாவற்றையும் விரித்துச் சொல்வது. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'எடுத்துரைப்பு'. அதில் 'எடுத்து' இருக்கிறதே, அதுதான் முக்கியம். தெரிந்த நூறு விஷயத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்த பிறகுதான் உரைப்பு.

பிறர் வீடுகளில் தங்க இணையம் வழியாக இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி (Airbnb) நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2007இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டின்போது ஓட்டல்கள் நிரம்பிவிட, நிறுவனர்கள் தங்கள் வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு 3 பேரைத் தங்கவைத்தார்கள். அவர்களுடைய பேச்சு ஊன்றி நின்றது அங்கேதான். அடுத்த ஆண்டு அவர்கள் காட்டிய படவில்லைகளில், ஓட்டலுக்குப் பதில் உள்ளூர்க்காரர் வீட்டில் அறை எடுக்கலாம் என்று ஒரே வரியில் தொழில் முடிந்துவிடுகிறது. வருமானமும் அப்படித்தான்: ஒவ்வொரு பதிவுக்கும் 10 சதவீதம் கமிஷன்.

சரி, உடனே பணம் கிடைத்ததா? இல்லை. 2008இல் 1,50,000 டாலர் திரட்டப் பார்த்தபோது, அறிமுகம் கிடைத்த 7 முதலீட்டாளர்களில் 5 பேர் மறுத்தார்கள், 2 பேர் பதிலே போடவில்லை. அதனால் அன்றைக்குக் காசோலை வந்ததா என்பதை வைத்து எடுத்துரைப்பை எடைபோட முடியாது. கேட்டவர் தன் கூட்டாளியிடம் போய், தாளைப் பார்க்காமல் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தை மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கேட்டவருக்கு எண் நினைவிருக்கும், தொழில் நினைவிருக்காது.

பிட்ச் டெக்கை 'எடுத்துரைப்பு வில்லைகள்' எனலாம். மின்தூக்கியில் சில மாடி ஏறும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற எலிவேட்டர் பிட்ச்சுக்கு 'ஒருமூச்சுரை' என்று சொல்லிப் பார்க்கிறேன், வாயில் நன்றாகவே உட்காருகிறது.