சுவருக்குப் பின்னால் சாவது எப்படி?

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில், வெயில் தணிந்த ஒரு மாலை நேரத்தில், என் அக்காள் மகன் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்த கைப்பேசியைப் புல்தரையில் வைத்துவிட்டு முறையிட்டான். "செவுத்துக்குப் பின்னாடி பூந்துட்டேன் மாமா, அதுக்கப்புறந்தான் சுடுறான். நான் செத்துட்டேன். இன்னா நியாயம் இது?" சுட்டவன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தான். தான் சுட்டபோது இவன் சுவரை எட்டவே இல்லை, திறந்த வெளியில்தான் ஓடிக்கொண்டிருந்தான் என்று அவன் சாதித்தான். இருவருள் ஒருவன் பொய் சொல்கிறான் என்றே கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் இருவரும் தத்தம் திரையில் கண்டதை உள்ளபடியே சொன்னார்கள்.

இணையத்தில் பலர் கூடி விளையாடும் மெய்நிகர் உலகத்தில் குண்டு ஒருவர் மேல் படுவதே இல்லை. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஓடுவது அந்த உலகத்தின் நகல் ஒன்றே. மூலம் எங்கோ தொலைவிலுள்ள சர்வர் என்ற மையக் கணிப்பொறியில் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், எவருக்கு எவ்வளவு உயிர் மீதமிருக்கிறது, எந்தக் குண்டு எதில் பட்டது என்பவற்றையெல்லாம் அந்த சர்வரே முடிவு செய்கிறது. ஆட்டக்காரர் விசையை அழுத்தும்போது அவருடைய கருவி அனுப்புவது ஒரு மனுவைத்தான்: இந்த நொடியில், இந்தத் திசையில் சுட்டேன், ஆவன செய்க. சர்வர் அதை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்கிறது. மெய்நிகர் உலகத்தின் ஆயுதங்களும் கவசங்களும் இந்த மனுவையும் தீர்ப்பையும் சுற்றியே அமைந்தவை.

மனு போய்ச் சேர நேரம் பிடிக்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சர்வர் சிங்கப்பூரில் இருப்பதாகக் கொள்வோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஐ-டு-ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னைக்கு இன்னும் 140 கிலோமீட்டர் சேர்த்துக்கொண்டால், போய்வர 6,680 கிலோமீட்டர் ஆகிறது. இதற்கு ஒளிக்கே 33 மில்லிநொடி வேண்டும். கைப்பேசிக் கோபுரத்திலும் வழியிலுள்ள ரூட்டர்களிலும் காத்திருக்கும் நேரம் இதன் மேல் ஏறுகிறது. ஆட்டக்காரர்கள் 'பிங்' என்று சொல்லிக் கவலைப்படும் எண் இந்தப் போக்குவரத்து நேரம்தான். அது 80 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு 40.

இந்தக் கோட்டையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1806 ஜூலை 10 அதிகாலையில் இங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, செய்தி குதிரையில் ஏறி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்த ஆங்கிலேயப் படைத் தலைவர் கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தது காலையில். ஆற்காட்டில் அவர் கேட்டறிந்தது சில மணி நேரத்துக்கு முந்தைய கோட்டையை. தொலைவிலிருந்து போர் செய்பவர் எவரும் பழைய படத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். படம் எவ்வளவு பழையது என்பதில்தான் கில்லஸ்பிக்கும் கைப்பேசிக்காரருக்கும் வேறுபாடு.

கைப்பேசிப் படத்தின் பழமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்வர் இடைவிடாமல் செய்தி அனுப்புவதில்லை. நொடிக்கு இருபதோ முப்பதோ அறுபதோ முறை அனுப்புகிறது. வந்ததை வந்தவுடன் வரைந்தால், எதிரிகள் தவளைபோல் தத்தித் தத்தி நகர்வதாகத் தெரியும். அதனால் கருவி இரண்டு செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளைத் தானே நிரப்பி, சீராக ஓடுவதுபோல் காட்டுகிறது. விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை நிரலான, வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் இதற்காக இயல்பாகவே 100 மில்லிநொடி பின்தங்கிய காட்சியைக் காட்டும்படி அமைக்கப்பட்டது. தன்னுடைய உருவத்துக்கு மட்டும் இந்தத் தாமதம் கிடையாது. பொத்தானை அழுத்தியவுடன், சர்வரின் அனுமதிக்குக் காத்திராமல், கருவியே முன்கணித்து உருவத்தை நகர்த்திவிடுகிறது. சர்வர் பிறகு மறுத்தால் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. நிரலாளர் ஜான் கார்மாக் 1996-இல் குவேக்வேர்ல்டு என்ற விளையாட்டில் இம்முறையைப் புகுத்திய பிறகு அது ஏறத்தாழ எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆகவே ஒவ்வொரு திரையிலும் இரண்டு காலங்கள் ஒன்றாக ஓடுகின்றன. நான் நிகழ்காலத்தில் இருக்கிறேன். என் எதிரி இறந்தகாலத்தில் இருக்கிறான். தமிழ் இலக்கணம் அந்தக் காலத்துக்கு வைத்த பெயர் இங்கே எதிர்பாராத வகையில் பொருந்திவிடுகிறது.

இனி என் அக்காள் மகனின் வழக்குக்கு வருவோம். அவன் சுவரின் விளிம்புக்கு ஒரு முழம் முன்பு இருந்த கணத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலை சர்வரை அடைந்தது 40-ஆவது மில்லிநொடியில். நண்பனின் கைப்பேசியை அடைந்தது 80-இல். நிரப்புதலுக்கான தாமதம் கழிந்து திரையில் தெரிந்தது 180-இல். நண்பன் அக்கணமே விசையை அழுத்தியதாகக் கொண்டாலும், மனு சர்வருக்குப் போனது 220-இல், தீர்ப்பு இவனுக்கு வந்தது 260-இல். நொடிக்கு 6 மீட்டர் ஓடும் உருவம் அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அதாவது சுவருக்குள் நன்றாகவே ஒளிந்திருக்கும்.

அப்படியானால் சர்வர் ஏன் அந்த மனுவைத் தள்ளுபடி செய்யவில்லை? மனு வந்த கணத்தில் ஆள் சுவருக்குப் பின்னால்தானே இருந்தான்? தொடக்ககால விளையாட்டுகளில் அப்படித்தான் தள்ளுபடி செய்தார்கள். அதன் விளைவாக, எதிரியைக் குறிபார்த்துச் சுட்டால் குறி தப்பியது. அவன் இனி எங்கே இருப்பான் என்று ஊகித்து வெற்றிடத்தைச் சுட வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக வால்வ் நிறுவனத்தார் கையாண்ட முறையை அந்நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். சர்வர் எல்லோருடைய அண்மைக்கால நிலைகளையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மனு வந்ததும், சுட்டவர் எந்தக் கணத்தின் காட்சியைப் பார்த்துச் சுட்டார் என்று கணக்கிட்டு, உலகத்தையே அந்தக் கணத்துக்குப் பின்னோக்கி நகர்த்தி, அங்கே குண்டு பட்டதா என்று பார்த்துவிட்டு, மீண்டும் நிகழ்காலத்துக்குத் திரும்புகிறது. எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சோர்ஸ் எஞ்சினில் அது இயல்பாக 1 நொடி. வரம்பு இல்லையென்றால், வேண்டுமென்றே இணைப்பை அறுத்தறுத்துத் தன் தாமதத்தைக் கூட்டிக்கொள்பவர் எல்லோரையும் நேற்று நின்ற இடத்தில் சுட்டு வீழ்த்துவார்.

தாமதத்தின் சுமையை யாராவது ஒருவர் தாங்கியாக வேண்டும். அதைச் சுடப்படுபவர் தலையில் வைப்பதென்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. குறி தவறாமல் சுட்டும் படவில்லை என்பது ஆட்டத்தையே வெறுக்க வைக்கும். ஒளிந்த பிறகு சாவது எப்போதாவது நேரும் எரிச்சல். ஆனால் இதனால் கோட்டைப் போரின் பழைய கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நம் புறத்திணை மரபில் மதிலைக் காப்பவன் நொச்சி சூடுவான், முற்றுகையிடுபவன் உழிஞை சூடுவான்; அகழியும் மதிலும் காப்பவன் பக்கமே நின்றன. இணையப் போரிலோ, மூலையைக் காத்து அசையாமல் நிற்பவனை, பாய்ந்து வருபவன் முதலில் பார்த்துவிடுகிறான். நிற்பவனின் பழைய படமும் புதிய படமும் ஒன்றுதான். பாய்பவனின் புதிய படம் நிற்பவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதுவரை சொன்னது குண்டை ஒரு நேர்கோடாகக் கருதும் முறை: துப்பாக்கி முனையிலிருந்து கோடு இழுத்து, அது முதலில் எதை வெட்டுகிறது என்று பார்த்தால் போதும். குண்டை நேரம் எடுத்துப் பறக்கும் பொருளாகவே கருதும் உலகங்களும் உள்ளன. அங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப் உலகத்தில் இயற்பியல் கணக்கு நொடிக்கு 45 முறை நடக்கிறது. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே 4.4 மீட்டர் தாண்டிவிடும். முதல் கணக்கில் சுவருக்கு இப்பால் இருந்த குண்டு அடுத்த கணக்கில் அப்பால் இருக்கலாம். சுவரில் இருந்த கணம் என்று ஒன்று எந்தக் கணக்கிலும் வராமலே போகலாம். இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட பாதை முழுவதையும் துடைத்துப் பார்ப்பதே இதற்கு மாற்று. அதற்குக் கணிப்பொறியின் உழைப்பு கூடுதலாகத் தேவைப்படும்.

செகண்ட் லைஃபில் துப்பாக்கியும் குடியிருப்பவர்களே எழுதும் ஒரு நிரல்தான். 256 மீட்டர் சதுரமான ஒவ்வொரு நிலப்பகுதிக்குள்ளும், காயம் படலாமா கூடாதா என்பதை நில உரிமையாளர் தீர்மானிக்கிறார். காயம் படும் நிலத்தில் உயிர் 100-இலிருந்து சுழியத்துக்கு இறங்கினால், சாவு கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அங்கே வம்பர்கள் காயப்படுத்துவதைவிடத் தள்ளிவிடுவதையே விரும்பினார்கள்: வலுவாக ஒரு தள்ளு தள்ளினால் உருவம் வானத்தில் காணாமல் போகும். இதற்கெதிராக விற்கப்பட்ட கேடயங்கள் பல, சுற்றுப்புறத்தை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் துழாவி, வரும் பொருளை அடையாளம் காண முயன்றன. நொடிக்குப் பத்து முறை துழாவினாலும், இரண்டு துழாவல்களுக்கு நடுவே குண்டு 20 மீட்டர் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய கேடயத்தைவிட நம்பகமான தற்காப்பு ஒன்று இலவசமாகவே இருந்தது: ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்த உருவத்தை இயற்பியல் கணக்கு நாற்காலியின் பகுதியாகவே கொள்ளும். நிலத்தில் ஊன்றிய நாற்காலியைத் தள்ள முடியாது. 2006 நவம்பரில் தம்மைத் தாமே படியெடுத்துப் பெருகும் தங்க வளையங்கள் அந்த உலகத்தை நிறைத்து சர்வர்களைத் திணறடித்தபோது மட்டும் நாற்காலி உதவவில்லை. அங்கே தாக்கப்பட்டது தீர்ப்புச் சொல்லும் நீதிபதியான சர்வரே.

கவசத்தின் கணக்கு இவற்றைவிட எளிது. ஆனால் பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பப்ஜி விளையாட்டின் கணிப்பொறிப் பதிப்பில் தலைக்கவசங்களின் மூன்று நிலைகள் முறையே 30, 40, 55 விழுக்காடு காயத்தைக் குறைக்கின்றன. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் வேறுபாடு 15 என்றுதான் தோன்றும். 50 காயம் தரும் ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். கவசமில்லாதவர் 2 அடிகளில் வீழ்வார். முதல் நிலையில் 3, இரண்டாம் நிலையில் 4, மூன்றாம் நிலையில் 5 அடிகள் வேண்டும். (கவசமும் அடிபட அடிபடத் தேய்ந்து உடையும், அதை இங்கே ஒதுக்கிவைத்துள்ளேன்.) அடி என்பது பின்னமாக விழுவதில்லை, முழுதாகத்தான் விழும். 34 காயம் தரும் துப்பாக்கி 100 உயிரை மூன்றே குண்டுகளில் முடித்துவிடும். 33 தரும் துப்பாக்கிக்கு மூன்றாம் குண்டுக்குப் பிறகும் 1 மிஞ்சி நிற்கும். நொடிக்குப் பத்துக் குண்டு பொழியும் துப்பாக்கிக்கு எதிரே ஒரு குண்டு என்பது 100 மில்லிநொடி. கவசம் வாங்கித் தருவது இந்த மில்லிநொடிகளைத்தான். மோசமான பிங் அவற்றைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் கள்ள நிரல்களுக்கு எதிரான காவல் வேறு வகையானது. எதிரி இருக்கும் இடத்தை ஆட்டக்காரரின் கருவிக்கு அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் மறைத்தால், கள்ள நிரல் நினைவகத்திலிருந்து அதைப் படித்துவிடும். 2020-இல் வெளிவந்த வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, கண்ணில் படக்கூடிய நிலை நெருங்கும்வரை எதிரியின் இடத்தை சர்வர் அனுப்பாமலே வைத்திருக்கும் முறையைக் கையாள்கிறது. கருவிக்கு வந்து சேராத தகவலை எந்த நிரலாலும் திருட முடியாது.

பையன்களுக்கு இவ்வளவையும் வாயால் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. இருவர் கைப்பேசிகளையும் சிமெண்டு இருக்கையில் அருகருகே வைத்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதியுள்ள என் கைப்பேசியால் இரண்டு திரைகளையும் ஒன்றாகப் பதிவு செய்தோம். சுவரை நோக்கி ஒருவன் ஓட, மற்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படம் படமாக நகர்த்தினோம். இடப்புறத் திரையில் உருவம் சுவருக்குள் மறைந்துவிட்டது. வலப்புறத் திரையில் அதே உருவம் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. 24 படங்களுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று மட்டும் சொல்லி, எண்ணுவதை அவர்களிடமே விட்டேன். அக்காள் மகன் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே எண்ணினான். சுட்டவன் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினான்.