பழைய கேம்பர் ட்ரெய்லருக்குக் காசைக் கொட்டுமுன் மூலையைக் குத்திப் பாருங்கள்

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். "ஃப்ரிட்ஜ் குளிருதில்லை, டயரும் மாத்த வேணும், எவ்வளவு முடியும் அண்ணா?" ட்ரெய்லருக்கு எத்தனை வயது என்றால் பதினைந்து, இருபது என்பார்கள். விலை சொல்லுமுன் நான் கேட்பது ஒன்றுதான்: முன்பக்கக் கட்டிலைத் தூக்கி, அதன் அடியில் உள்ள மூலையை எப்போதாவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், காரின் பின்னால் கொளுவி முகாமுக்கு இழுத்துப்போகும் இந்தப் படுக்கை வசதியுள்ள ட்ரெய்லர்களைத் திருத்துவதுதான் என் தொழில். வயதாலோ, பழுதுகளின் எண்ணிக்கையாலோ ஒரு ட்ரெய்லரைக் கைவிட வேண்டி வருவதில்லை. ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், பம்ப், டயர், பேரிங் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்க மூடியைத் திறந்தால் மஞ்சள் தூள் படிந்திருக்கிறதா, அம்மோனியா நெடி அடிக்கிறதா? குளிரூட்டும் குழாய் ஓட்டையாகிவிட்டது. அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்; செலவுதான், ஆனால் தீர்கிற செலவு. டயரின் பக்கத்தில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தரையில் படும் பகுதி தேயாவிட்டாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். சரி, இவையெல்லாம் ஒரு பக்கம்.

ட்ரெய்லரைக் கொல்வது தண்ணீர். கூரை ஒட்டு, மூலைப் பட்டி, ஜன்னல் ஓரம், மேலே உள்ள சிறிய விளக்குகளின் திருகு ஓட்டை, இவற்றில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் போதும். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். அதற்குள் நம் குளிர்காலம் அதை உறையவைத்தும் உருகவைத்தும் விரிசலை அகலமாக்கிவிடும்.

சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பழைய வகையில், வெளித் தகடு பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே சட்டம் உளுத்துப் போயிருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை மூலைக் கட்டையில் அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கெட்ட மரத்தில் ஊறின ரஸ்கில் இறங்குவதுபோல் சத்தமே இல்லாமல் உள்ளே போகும், இழுத்தால் கறுப்புத் தூளோடு வரும். இந்த வகையில் ஒரு வசதி: தகட்டைக் கழற்றி, கெட்ட கட்டையை மட்டும் மாற்றலாம். நாலு வார இறுதியை ஒதுக்கினால், கொஞ்சம் தச்சு வேலை தெரிந்தவர் தாமே செய்துவிடுவார்.

ஃபைபர்கிளாஸ், மெல்லிய பிளைவுட், ஃபோம் மூன்றையும் பசையால் ஒட்டிய சுவர் வேறு கதை. சாயங்கால வெயில் சரிந்து விழும்போது சுவரின் ஓரத்தில் நின்று நீளவாக்கில் பாருங்கள். அலை அலையாகப் புடைத்திருந்தால் விரலால் தட்டுங்கள். இறுக்கமான சத்தம் போய் வெற்றுச் சத்தம் கேட்கும். உள்ளே பிளைவுட் மக்கிவிட்டது. ஓட்டை போட்டுப் பசை ஊற்றிச் சரிசெய்யலாம் என்பார்கள். மக்கிய மரத்தில் பசை எதைப் பிடித்து நிற்கும்? சுவர் முழுவதையும் மாற்றும் கூலியைக் கேட்டால், பெரும்பாலும் அந்தக் காசுக்கு வேறு ட்ரெய்லரே வாங்கலாம்.

போன வருஷம் ஒரு குடும்பம் புது ஃப்ரிட்ஜ், புது டயர், புது மெத்தை எல்லாம் போட்ட பிறகு, கழிப்பறைக்குப் பக்கத்தில் தரை அமுங்குகிறது என்று கூப்பிட்டார்கள். தரைவிரிப்பைத் தூக்கினேன், பலகை கையோடு வந்தது. தரையை முதலில் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். ஈரம் அளக்கும் சிறிய மீட்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வேறு எதையும் வாங்காமல் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது இரும்பு. சாலையில் கொட்டும் உப்பு சட்டகத்தை அரிக்கும். மேலோட்டமான துரு பரவாயில்லை. ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும், காரோடு கொளுவும் ஹிட்ச் சேரும் முக்கோணத்திலும் சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, வெல்டிங்கில் கீறல் தெரிந்தாலோ பேரம் பேசாதீர்கள். பின்னால் வருகிறவரின் உயிரும் சேர்ந்தது அது. அறையைச் சூடாக்கும் ஹீட்டரின் உள் உலோக அறையில் விரிசல் விழுந்திருந்தாலும் அப்படியே. அதன் வழியே கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. ஒட்டுப் போடாமல் மாற்றத்தான் வேண்டும்.

இனிக் கணக்கு. அதே மாடல், அதே வருஷம், ஆனால் உலர்ந்த ட்ரெய்லர் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் கொரோனாக் காலத்தில் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். 2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகள் 6 லட்சம் முகாம் வண்டிகளை அனுப்பிய உச்சக் காலம் அது. திருத்தும் செலவு, கூலியோடு சேர்த்து, இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். காப்புறுதி கைகொடுக்கும் என்றும் எண்ணாதீர்கள். மெல்ல மெல்லக் கசிந்த தண்ணீருக்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை உள்ளே விடாத தனியார் முகாம்களும் உண்டு, அதையும் முதலில் விசாரியுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. 1968இல் வினிபெக்கில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர், முட்டை வடிவில் இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளைச் சேர்த்த 13 அடி ட்ரெய்லர். சுவரில் உளுத்துப்போக மரச்சட்டமே இல்லை. தரை போனாலும் திருத்தலாம், வாங்க ஆளும் இருக்கிறது. நிரந்தரமாக ஒரே முகாமில் நிற்கும் ட்ரெய்லருக்கும் சாலைக்கணக்கு பொருந்தாது; கூரை ஒழுகாமல் இருந்தால் இன்னும் சில கோடை ஓடும். ஆனால் ஒழுக்கை அடைக்கக் கண்ட சிலிக்கனைப் பூசாதீர்கள், அதன்மேல் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது.

கைவிடுவது என்று முடிவானால், உளுத்ததை மறைத்து விற்காதீர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் மரத்தையும் ஃபோமையும் விரும்ப மாட்டார். எடுத்துப்போக அவரே காசு கேட்கலாம். மேற்கூட்டை உடைத்துக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டு, சட்டகம் நன்றாக இருந்தால் சாமான் ஏற்றும் ட்ரெய்லராக்கலாம். கொடுப்பதற்கு முன் நம்பர் பிளேட், பாட்டரி, புரொப்பேன் சிலிண்டர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். சிலிண்டரில் பொறித்த தேதி பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தால் கனடாவில் அதை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள்.