மரை உரிந்த அலுமினியத்துக்கு உருக்குச் சுருள்

கொழும்பு வீதிகளில் ஓடும் முச்சக்கர வண்டிகளின் எஞ்சின் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதன் அடியில் ஒயிலை வடிக்கும் போல்ட்டோ உருக்கினால் ஆனது. ஒயில் மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்டப்படும் அந்தப் போல்ட், ஒரு கட்டத்தில் எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றத் தொடங்கும். கழற்றிப் பார்த்தால், அதன் மரைகளுக்கிடையே அலுமினியச் சுருணைகள் சிக்கியிருக்கும். போல்ட்டில் குறையில்லை, துளையின் மரைதான் உரிந்து வந்திருக்கிறது.

போல்ட்டை இறுக்குவதென்பது அதை நெடுக்குவாட்டில் இழுத்து நீட்டி, அந்த இழுவிசையால் இரண்டு பாகங்களை அழுத்திப் பிடிப்பதாகும். 6 மில்லிமீற்றர் போல்ட்டொன்றை 10 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்கினால், அதில் ஏறத்தாழ 8,000 நியூட்டன் இழுவிசை, அதாவது 800 கிலோகிராமுக்குச் சமமான பாரம், தோன்றுகிறது. இந்தப் பாரத்தை மரையின் எல்லாச் சுற்றுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. பாரம் நுழையும் பக்கத்திலுள்ள முதற் சுற்றே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைச் சுமக்கிறது. அது அறுந்தால் சுமை அடுத்த சுற்றின் மேல் விழும், அதுவும் தாங்காது. சாதாரண 8.8 தரப் போல்ட்டின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் என்றால், வார்ப்பு அலுமினியத்துக்கு அது பெரும்பாலும் 300ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். ஆகவே, தோற்பது எது என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திருகும் முயற்சியில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் கழிந்துவிடுகிறது. ஒயில் பட்ட மரையில் உராய்வு குறைவதால், கைக்குப் பழகிய அதே அளவு இறுக்கம் எதிர்பார்த்ததைவிட அதிக இழுவிசையை உண்டாக்கும். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு ஈரமும் சேர்ந்துகொள்கிறது: உருக்கும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு, அரிப்பில் உண்டாகும் வெண்பொருள் பருத்து, போல்ட்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. வலிந்து கழற்றும்போது மரையும் கூடவே வருகிறது.

டெஃப்ளோன் நாடாவைச் சுற்றி மாட்டுவது கசிவைச் சில நாள் மறைக்கும், பாரத்தைத் தாங்காது. பெரிய போல்ட்டுக்கு மாறலாம், ஆனால் துளையைச் சூழ்ந்த சுவர் மெலிந்துவிடும். ஒழுங்கான வழி, துருப்பிடிக்காத உருக்குக் கம்பியால் ஆன ஹெலிகொயில் என்னும் சுருளைப் பொருத்துவதுதான். அக்கம்பியின் குறுக்குவெட்டு சாய்சதுர வடிவமானது. அதனால் சுருளின் வெளிப்புறமும் உட்புறமும் மரையாக அமைகின்றன. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பழைய துளையை 6.3 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, சுருளுக்கென்றே செய்யப்பட்ட, டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியால் வெளிவிட்டம் 7.3 மில்லிமீற்றர் வரும்படி புதிய மரை வெட்டுவார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண டேப் இதற்கு உதவாது: 7 மில்லிமீற்றர் டேப்பின் மரை இடைவெளி (அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலான தூரம்) சரியாயிருந்தாலும் விட்டம் போதாது, 8 மில்லிமீற்றரில் இடைவெளியே மாறிவிடும்.

சுருளின் இயல்பான விட்டம் துளையைவிடச் சற்றுப் பெரிது. திருகி இறக்கும்போது ஒடுங்கி, பின் விரியமுனைந்து சுவரை அழுத்துவதால், பசையில்லாமலே நிலைத்துநிற்கிறது. அதைத் திருப்புவதற்கென அடியில் வளைந்திருக்கும் சிறு நாக்கு, வேலை முடிந்ததும் தட்டி உடைக்கப்படும்; அதை வெளியே எடுக்க மறந்துவிடக் கூடாது. மேல்முனை வார்ப்பின் மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்றுக் கீழே நிற்க வேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் வொஷர் படியாது. சுருளைச் சுற்றி ஒயில் ஊர்ந்து வரலாமாதலால், ஒயில் துளையில் கசிவை நிறுத்துவது மரையல்ல, அந்த வொஷரே.

இப்படிப் பழுதுபார்த்த துளை புதியதைவிட வலிமையானது என்பதைப் பலர் நம்புவதில்லை. கணக்கு எளிது: அலுமினியம் இப்போது 6க்குப் பதிலாக 7.3 மில்லிமீற்றர் விட்டத்தில் பாரத்தைத் தாங்குவதால், அறுபடவேண்டிய பரப்பு ஐந்திலொரு பங்கு கூடியிருக்கிறது. சுருளின் சுற்றுகள் சிறிது நெகிழ்வதால் பாரமும் ஓரளவு சமமாகப் பரவுகிறது. தேய்மானமோ உருக்குக்கும் உருக்குக்கும் இடையில்தான். விமான எஞ்சின்களின் மென்னுலோக வார்ப்புகளில் தொடக்கத்திலேயே இத்தகைய சுருள்களைப் பொருத்துவது இதனால்தான்.

எல்லாம் துளை நேராக இருந்தால்தான். கைத்துளைப்பான் பழைய துளையின் சரிவை நோக்கி நழுவும் என்பதால், கழற்றக்கூடிய பாகமாயின் லேத் பட்டறையில் நிலைத்துளைப்பானில் வைத்துச் செய்விப்பதே நல்லது. டேப்பில் அலுமினியம் ஒட்டாதிருக்க மண்ணெண்ணெய் விட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் சற்றுப் பின்திருப்பித் துகளை முறிக்க வேண்டும். வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் சுருள் தேடுவோர் விட்டத்தை மட்டும் சொல்லி நிற்கக் கூடாது. 12 மில்லிமீற்றர் போல்ட்டுகளில் 1.25, 1.5, 1.75 மில்லிமீற்றர் என மூன்று மரை இடைவெளிகள் புழங்குகின்றன.

ஸ்பார்க் பிளக் துளைக்கு மட்டும் நான் சுருளைப் பரிந்துரைக்கமாட்டேன். கரி படிந்த பிளக்கைக் கழற்றும்போது சுருளும் அதனுடன் சுழன்று வெளியேறக்கூடும். அங்கே உள்ளும் புறமும் மரை வெட்டிய கெட்டியான உருக்குப் புஷ்ஷே பொருத்தமானது.