கோஸ் இலையின் அடிப்புறத்தில் இரவில் நடப்பது

மார்கழியின் பிற்பகுதியில், காலை ஆறு மணிக்கு, கொள்ளிடக் கரைப் படுகையில் முட்டைக்கோஸ் நட்ட கொல்லை ஒன்றில் இறங்கி நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். மழை பெய்திருக்காது; அவ்வளவும் பனி. இலைகளின் மேற்புறத்தில் ஆங்காங்கே மங்கிய மஞ்சள் திட்டுகள் தெரியும். அவை வட்டமாக இல்லாமல், இலை நரம்புகள் வரப்புகளைப் போல மறித்துவிட்டதால் கோணல்மாணலாக அடங்கியிருக்கும். அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால், மஞ்சள் திட்டுக்கு நேர் கீழே, இலவம்பஞ்சைத் தேய்த்து ஒட்டியதைப் போல வெண்சாம்பல் நிறத்தில் மெல்லிய பூப்பு ஒன்று படர்ந்திருக்கும். வெயில் ஏறிப் பத்து மணி ஆனால் அந்தப் பூப்பு வாடிச் சுருங்கி, கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பத்து மணிக்கு வருகிறவர் மேற்புற மஞ்சளை மட்டும் பார்த்து, சத்துக் குறைவு என்று முடிவு கட்டி யூரியா போடுவது இப்படித்தான்.

இந்த நோய்க்குத் தமிழில் அடிச்சாம்பல் என்று பெயர். பெயரிட்டவர் யாராயினும் இலையைத் திருப்பிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வெறும் சாம்பல் நோய் என்பது வேறு: அது பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் மாவு தூவியதைப் போலப் படியும், அதற்கு இலை மேல் தண்ணீர் நிற்கத் தேவையில்லை. அடிச்சாம்பலோ ஈரமின்றி ஓர் அடியும் எடுத்து வைக்காது. இரண்டுக்கும் பெயர்தான் உறவே தவிர, பிறப்பில் உறவில்லை. கடுகுக் குடும்பப் பயிர்களான முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றைத் தாக்கும் அடிச்சாம்பலுக்குக் காரணமான ஹையலோபெரனோஸ்போரா பிராசிக்கே என்ற உயிரி உண்மையில் பூஞ்சையே அன்று. இழை இழையாக வளர்வதாலும் வித்துகள் எனும், விதைபோல் இனம் பெருக்கும் நுண்துகள்களைப் பரப்புவதாலும் பூஞ்சையைப் போலத் தோன்றினாலும், மரபுவழியில் அது கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகளுக்கும் நெருங்கியது. பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருக்கும். இதன் சுவரோ பெரும்பாலும் குளூக்கன்கள் என்ற சர்க்கரைச் சங்கிலிகளாலும் செல்லுலோஸாலும் ஆனது. இந்த வகை உயிரிகளை நீர்ப்பூஞ்சைகள் என்பார்கள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த பைட்டோப்தோரா இந்த வகையைச் சேர்ந்ததே. கும்பகோணம் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியின் அடித்தண்டை அழுக வைப்பதும் பைட்டோப்தோராவின் இன்னோர் இனம்தான். ஆகவே டெல்டா விவசாயிக்கு இந்த வம்சம் புதிதல்ல.

இந்த உயிரியின் ஒரு நாள் வாழ்க்கை இரவில் தொடங்குகிறது. இருட்டும், காற்றில் தெவிட்டிய ஈரமும் சில மணி நேரம் சேர்ந்து நிலைக்கும்போது, இலைக்குள் மறைந்து வாழ்ந்த இழைகள், இலை மூச்சுவிடும் துளைகளின் வழியே அடிப்புறத்தில் தலைநீட்டி, மரம்போல் இரண்டிரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு வித்தைத் தாங்கி நிற்கின்றன. விடிந்து காற்று உலரத் தொடங்கியதும் அந்தக் கிளைகள் ஈரம் இழந்து முறுக்கிக்கொள்ள, வித்துகள் உதிர்ந்து காற்றில் ஏறுகின்றன. அவை அற்ப ஆயுள் கொண்டவை. வெயிலில் நெடுநேரம் தாங்குவதில்லை. ஈர இலை ஒன்றில் விழுந்தால் மட்டும் சில மணி நேரத்தில் முளைத்து, மேல்தோல் செல்களுக்கு இடையே சுவரைத் துளைத்து உள்ளே போகின்றன. உள்ளே புகுவது சுவரில் கன்னம் வைத்து, வெளியே வருவது வாசல் வழியாக என்பது இந்த உயிரியின் விசித்திரம். சூழல் ஒத்து வந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறைப் பூப்பு தயாராகிவிடும்.

வெப்பநிலை விஷயத்தில் இது சற்றே முரண்பட்ட தேவைகள் உடையது. வித்து உருவாகவும் முளைக்கவும் 8 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி மிகவும் உகந்தது. இலைக்குள் வேரூன்றிய பிறகு வளர 20 முதல் 24 டிகிரி வரை விரும்புகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது தாராளமாகக் கிடைக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், இங்கே நோய்க்கு வாய்ப்புள்ள காலம் குறுகியது. ஆனால் வானிலை அறிக்கை சொல்வது காற்றின் வெப்பத்தைத்தான். நோய்க்கு வேண்டியதோ இலையின் வெப்பம். மேகமற்ற இரவில் இலை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட இரண்டொரு டிகிரி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ந்த பரப்பில்தான் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் அந்த வாரங்களில், சுற்றிலும் சம்பா, தாளடி வயல்களும் வாய்க்கால்களும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க, நடுவில் நிற்கும் கோஸ் கொல்லை இரவு முழுவதும் நனைந்தே கிடக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். கோஸ் இலையைப் பொறுத்தவரை அது பாதி உண்மை, ஏனெனில் துளைக்கிற வேலையைப் பனி வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இலைக்குள் போன இழை செல்களைக் கொல்வதில்லை. செல்லின் சுவரைத் துளைக்குமே ஒழிய, உள்ளிருக்கும் சவ்வைக் கிழிக்காமல் அதைக் கைவிரல் பட்ட பலூனைப் போல உள்நோக்கித் தள்ளி, அந்தக் குழிவுக்குள் குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்பொன்றை வைத்து, உயிருள்ள செல்லிடமிருந்தே உணவைப் பெறுகிறது. செல் செத்தால் இதற்கும் சோறில்லை. ஆகவேதான் ஆய்வகத் தட்டில் எந்த ஊட்டக் கரைசலை வைத்தாலும் இது தனியாக வளர்வதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களையைத் தாக்கும் இதன் நெருங்கிய இனத்தின் மரபணுத் தொகுதி 2010இல் வெளியானபோது, தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைத் தானே பயன்படுத்திக்கொள்வதற்கான மரபணுக்களை அது இழந்திருப்பது தெரியவந்தது. சமைத்த சோறு நாளும் கிடைக்கும் வீட்டில் அடுப்பு எதற்கு?

செடியும் சும்மா இருப்பதில்லை. ஒட்டுண்ணி தன் புரதங்கள் சிலவற்றைச் செல்லுக்குள் அனுப்பி அதன் காவலை மழுக்கப் பார்க்கிறது. அந்தப் புரதத்தை அடையாளம் காணும் மரபணு செடியிடம் இருந்தால், தாக்கப்பட்ட செல் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டு, உள்ளே வந்தவனைப் பட்டினி போடுகிறது. நோய் எதிர்ப்பு ரகம் என்று விதைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதன் பொருள் பல நேரங்களில் இதுதான். ஒட்டுண்ணி அந்தப் புரதத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் அந்த எதிர்ப்பு செல்லாக் காசாகிவிடும் என்பதையும் பொட்டலம் சொல்லியிருக்கலாம். இந்த நெருக்கமான போராட்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு: பக்கத்துப் பந்தலில் பீர்க்கு, பாகல் இலைகளில் காணும் அடிச்சாம்பல் வேறோர் உயிரியின் வேலை, அது கோஸுக்குத் தாவாது.

மருந்துக் கடையில் கேட்கும்போதுதான் பூஞ்சை அன்று என்ற செய்தி பணமாக மாறுகிறது. எர்கோஸ்டெரால் என்ற பொருளைப் பூஞ்சை தயாரிப்பதைத் தடுத்துக் கொல்பவை அசோல் வகை மருந்துகள். நீர்ப்பூஞ்சையோ அதைத் தயாரிப்பதே இல்லை. பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கார்பென்டசிமும் இதனிடம் பலிக்காது. மேன்கோசெப் போன்றவை வித்து முளைப்பதைத் தடுக்கும். உள்ளே போன பிறகு பயன் குறைவு. மெட்டலாக்ஸில் உள்ளேயும் பாய்ந்து வேலை செய்யும், ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குப் பணியாத இனங்கள் பெருகிவிடும் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். எல்லாவற்றுக்கும் மூத்தது போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், பாதையோரத் திராட்சையைப் பறிப்பவர்களை அருவருக்க வைக்க, செம்பு அடங்கிய நீல உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்த கொடிகள் மட்டும் அடிச்சாம்பலுக்குத் தப்பி நின்றதை 1882இல் கண்ட மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்: இது ஒரு சதவீதக் கலவை. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்தி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கொடிக்கால்காரர்களுக்கு இது கைப்பழக்கம். இளம் கோஸ் இலை செம்பைத் தாங்காமல் கருகுவதும் உண்டு என்பதால், வெற்றிலைக்குச் செய்கிறபடியே இதற்கும் செய்துவிடக் கூடாது.

எந்த மருந்தானாலும் கோஸ் இலையில் அது தாமரை இலைத் தண்ணீர்தான். இலையின் மெழுகுப் பூச்சில் துளிகள் உருண்டோடிவிடும். ஒட்டும் திரவம் சேர்த்து, தெளிப்பான் மூக்கைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, இலையின் அடியை நனைக்காவிட்டால் செலவு மண்ணுக்குப் போகும்.

அதிகம் பறிபோவது நாற்றுப் பருவத்தில். குழித்தட்டுகளில் நெருங்கி நின்று, நிழல்வலைக்குக் கீழே மாலையில் பூவாளித் தண்ணீரும் குடித்துவிட்டு இரவைக் கழிக்கும் நாற்று விதையிலைப் பருவத்திலேயே நோய் வந்து சாகும். காலையில் தண்ணீர் விட்டு, மாலைக்குள் இலை உலரவிடுவது எந்த மருந்தையும்விட மலிவானது. குளிர்ந்த மாவட்டங்களிலிருந்து நாற்று வாங்கி வருபவர்கள் வண்டியிலிருந்து இறக்கும்போதே நாலு இலையைத் திருப்பிப் பார்க்கலாம். தப்பி வளர்ந்த காலிஃபிளவரில் பூவின் உள்ளே பழுப்புக் கீற்றுகளும், முள்ளங்கியில் கிழங்கின் தோலில் கருமையும் தோன்றி விலையைக் கெடுக்கும். அறுவடைக்குப் பின் கொல்லையிலேயே விட்ட இலைகளில் தடித்த சுவருடைய வேறு வகை வித்துகள் தங்கி, கோடையைக் கடந்து அடுத்த நடவுக்குக் காத்திருக்கும்.

மஞ்சள் திட்டு சத்துக் குறைவா, அடிச்சாம்பலா என்ற சந்தேகம் பகலில் வந்தால், அந்த இலையைப் பறித்து ஈரத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத பாலிதீன் பையில் இட்டு, இரவில் மண்பானையை ஒட்டி இருட்டில் வைத்துவிடலாம். அடிச்சாம்பலாக இருந்தால், காலையில் பையைப் பிரிக்கும்போது இலையின் அடியில் வெண்பூப்பு வந்திருக்கும்.