எஸ்போசித்தோ: தொட்டிலில் பிறந்து கப்பலேறிய குடும்பப் பெயர்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் பார்க்கிறவர்களுக்கு ஜான்கார்லோ எஸ்போசித்தோவைத் தெரிந்திருக்கும். குரலை உயர்த்தாமல் பேசியே நடுங்க வைக்கிற வில்லன். 1958-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், அப்பா தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர், அம்மா அமெரிக்கக் கறுப்பின ஓபரா பாடகி. ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு கனடாவின் எஸ்போசித்தோ சகோதரர்கள் ஃபில், டோனி. அர்ஜென்டினாவின் பாப் பாட்டு கேட்கிறவர்களுக்கு லாலி எஸ்போசித்தோ. பீட்சாவின் கதையைப் படிக்கப் போனால், 1889-இல் இத்தாலிய ராணி மார்கெரித்தாவுக்குப் பீட்சா சுட்டுக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ரஃபாயேலே எஸ்போசித்தோ. இவர்கள் எல்லோரும் ஒரே வம்சமா என்று கேட்கத் தோன்றும். இந்தப் பெயரை வைத்து அதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் "எந்த வம்சம் என்று தெரியாது" என்பதைச் சொல்வதற்கென்றே வைத்த பெயர் இது.

முதலில் உச்சரிப்பு. தமிழில் எஸ்பொசிட்டோ, எஸ்போஸிடோ என்று பல மாதிரி எழுதுகிறார்கள். இத்தாலியில் அழுத்தம் 'போ'வில் விழுகிறது, கடைசியில் வருவது நாக்கு பல்லைத் தொடும் நம் 'த'தான், 'ட' இல்லை. அதனால் எஸ்போசித்தோ என்று எழுதுவதுதான் காதுக்கு நெருக்கம். அமெரிக்காவில் அந்த அழுத்தம் நகர்ந்து "எஸ்பொசீட்டோ" ஆகிவிட்டது, அங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்களே அப்படித்தான் சொல்கின்றன. அர்ஜென்டினாவில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஸ்பானிய எழுத்து முறைப்படி அழுத்தம் இந்த இடத்தில் விழுந்தால் அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டே ஆக வேண்டும், அந்தக் கோடு நேப்பிள்ஸ் உச்சரிப்பை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

சரி, பொருளுக்கு வருவோம். வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைப்பது, இரண்டும் சேர்ந்த 'எக்ஸ்போனெரே' வெளியே வைப்பது. அதிலிருந்து 'எக்ஸ்போசிதுஸ்', வெளியே வைக்கப்பட்டவன். கண்காட்சிக்கு நாம் சொல்கிற எக்ஸ்போவும், கேமராவில் சொல்கிற எக்ஸ்போஷரும் இதே வேரில் கிளைத்தவைதான். கண்காட்சியில் பொருளை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறோம். பழைய ரோமில் வளர்க்க முடியாத, அல்லது வளர்க்க விரும்பாத குழந்தையை யார் கண்ணிலாவது படும்படி வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வழக்கத்துக்கும் இந்தச் சொல்தான். எஸ்போசித்தோ என்றால் வெளியே வைக்கப்பட்ட பிள்ளை.

தெருவில் வைத்தால் குளிரில் சாகும், நாய் இழுக்கும். ரோமில் மீனவர்களின் வலையில் பச்சிளங்குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கேட்டு மூன்றாம் இன்னசென்ட் போப் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகளை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. கதை எப்படியோ, அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களில் மருத்துவமனைச் சுவர்களில் ஒரு சாதனம் வந்தது. 'ருவோத்தா', அதாவது சக்கரம் என்று அதற்குப் பெயர். உண்மையில் அது செங்குத்தாகச் சுவரில் பதித்த ஒரு மர உருளை, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும், அச்சில் சுழலும். வெளியே நிற்கிறவர் குழந்தையை உள்ளே வைத்து உருளையைத் திருப்பினால் குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். மணி அடித்தால் உள்ளே இருக்கும் பெண் வந்து எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகத்தை எடுப்பவர் பார்க்க முடியாது, எடுப்பவர் முகத்தை வைத்தவரும் பார்க்க முடியாது.

நேப்பிள்ஸில் இந்தச் சக்கரம் இருந்த இடம் அன்னுன்சியாத்தா. 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தேவாலயமும் மருத்துவமனையும் சேர்ந்த பெரிய வளாகம். அங்கே வந்த பிள்ளைகளை ஊர் "மாதாவின் பிள்ளைகள்" என்று அழைத்தது. கழுத்தில் மாதா உருவம் பதித்த ஈயப் பதக்கம் ஒன்றைக் கட்டிவிடுவார்கள், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் வந்தது, உடம்பில் என்ன துணி இருந்தது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், அதன் பக்கத்தில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்போசித்தோ. அவ்வளவுதான். அது ஒரு குறிப்பாகத்தான் தொடங்கியது, நம் ஊர் மருத்துவமனைச் சீட்டில் "வெளி நோயாளி" என்று எழுதுவது போல. அந்தப் பிள்ளை பிழைத்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றால், அந்தக் குறிப்பு அடுத்த தலைமுறைக்குப் பரம்பரைப் பெயராகப் போய்ச் சேர்ந்தது. நேப்பிள்ஸின் எஸ்போசித்தோக்கள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் இல்லை, தனித்தனியாக முளைத்த ஆயிரக்கணக்கான செடிகள்.

பிழைத்தால் என்று சொன்னேன். பிழைத்தவர்கள் குறைவு. வளாகத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கத் தாய்மார் கிடையாது, அதனால் சுற்றுப்புறக் கிராமங்களில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்களுக்குக் கூலி கொடுத்துப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பிவைத்தார்கள். பல பிள்ளைகள் அங்கேயே அந்தக் குடும்பத்தோடு தங்கிப்போனார்கள். இந்தப் பெயர் நேப்பிள்ஸ் நகரத்தைத் தாண்டிக் கம்பானியா பகுதி முழுவதும் பரவியதற்குப் பால் கொடுத்த அந்தப் பெண்கள் ஒரு பெரிய காரணம். இன்று இத்தாலியில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ரோசி, ரூசோ, ஃபெர்ராரி ஆகியவற்றோடு முதல் ஐந்துக்குள் எஸ்போசித்தோவும் வந்துவிடும். சிவந்த தலைமுடி, கொல்லுத் தொழில் என்று மற்றவற்றின் பொருள் சாதாரணம். நான்காவதாக நிற்பது வெளியே வைக்கப்பட்ட பிள்ளையின் பெயர். இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது.

இப்படி ஒரு முத்திரை ஒருவரை வாழ்நாள் முழுக்கத் துரத்துவது சரியில்லை என்று அந்தக் காலத்திலேயே சிலருக்குப் பட்டது. 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்டவர் நெப்போலியனின் தங்கை கணவர் ஷோவாகிம் முரா. அவருடைய ஆட்சியில்தான் கண்டெடுத்த குழந்தைகளுக்கு இனி இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தடை வந்தது. அதன் பிறகு எழுத்தர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெயராகக் கற்பனை செய்து வைக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடம் இருந்து அதைப் பிடுங்கவில்லை, அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் அதே பெயரில் தொடர்ந்தார்கள். ஆகவே இன்றைக்கு ஓர் எஸ்போசித்தோ தன் முன்னோரைத் தேடினால், சக்கரத்தில் வந்த அந்தப் பிள்ளை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் முன்னால் இருந்தவராக இருப்பார். நேப்பிள்ஸின் சக்கரத்தை 1875-இல் மூடினார்கள். அது இருந்த இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

மற்ற ஊர்களில் வேறு வேறு சொற்கள். பொலோஞ்ஞாவில் தெல்யி எஸ்போஸ்தி, எஸ்போஸ்தி என்றால் "வெளியே வைக்கப்பட்டவர்கள்". ரோமிலும் உம்பிரியாவிலும் ப்ரோயெத்தி, "எறியப்பட்டவர்" என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது, எனக்கு எஸ்போசித்தோவைவிட இது கடுமையாகப் படுகிறது. சிசிலியில் த்ரொவாத்தோ, "கண்டெடுத்தவன்". சியெனாவில் மருத்துவமனையின் பெயரே தெல்லா ஸ்காலா என்று பின்னால் ஒட்டிக்கொண்டது. மிலானில் மருத்துவமனையின் சின்னம் புறா, இத்தாலிய மொழியில் கொலோம்பா, அதனால் அங்கே வந்த பிள்ளைகள் கொலோம்போ ஆனார்கள் (எல்லா கொலோம்போவும் அப்படி வந்தவர்கள் இல்லை, ஜெனோவாவின் கிறிஸ்டோபர் கொலம்பஸ் வேறு கதை). ஃபிளாரன்ஸில் புருனெல்லெஸ்கி வடிவமைத்த இன்னொச்சென்தி இல்லம் 1445-இல் முதல் குழந்தையை வாங்கிக்கொண்டது, "மாசற்றோர்" என்பது அதன் பொருள், அங்கிருந்து இன்னொச்சென்தி என்ற குடும்பப் பெயர் வந்தது. என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டலாம் என்று தாய்மார் பிள்ளையோடு விட்டுப்போன பாதி உடைத்த பதக்கங்களையும் மணிகளையும் அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். மறுபாதி தாயிடம் இருந்தது.

அப்புறம் கப்பல். 1876-க்கும் 1915-க்கும் நடுவில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். தெற்கே நிலம் போதவில்லை, வரி அதிகம், கூலி குறைவு. தென்னாட்டார் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய முக்கியத் துறைமுகம் நேப்பிள்ஸ். இந்தப் பெயர் மிக அடர்த்தியாக இருந்த ஊரே துறைமுகமும் ஆனதால், நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் எஸ்போசித்தோக்கள் குவிந்ததில் வியப்பில்லை. எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் வாய்க்கு வந்தபடி பெயரை மாற்றி எழுதினார்கள் என்று நிறையக் குடும்பங்களில் ஒரு கதை சொல்வார்கள். அது சரியில்லை. பயணிகள் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுத்தர்கள் தயாரித்துவிடுவார்கள், எல்லிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் சுருங்கியதும் திரிந்ததும் பிறகு, பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும் குடியுரிமை மனுவிலும். முதல் எழுத்து உதிர்ந்த ஸ்போசித்தோ என்ற வடிவம்கூட அமெரிக்காவில் உண்டானது இல்லை, இத்தாலியிலேயே இருந்ததுதான். பிரேசிலுக்கும் அது போயிருக்கிறது.

கனடாவில் சூ செயின்ட் மேரி என்ற ஊர், ஒன்டாரியோ மாநிலத்தில் பெரிய ஏரிகளின் ஓரம். அங்கே இருக்கும் எஃகு ஆலை இத்தாலியத் தொழிலாளர்களை இழுத்தது. ஃபில் எஸ்போசித்தோ 1942-இலும் டோனி 1943-இலும் பிறந்தது இந்த ஊரில். அண்ணன் 1968-69 பருவத்தில், வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் வரலாற்றில் ஒரே பருவத்தில் 100 புள்ளிகளைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் ஆனார், அடுத்த பருவத்தில் தம்பி சிகாகோ அணியின் கோல் காவலராக நின்று 15 ஆட்டங்களில் எதிரணியை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. ஒருவர் கோல் போடுகிறவர், மற்றவர் கோலைத் தடுக்கிறவர், முதுகில் ஒரே பெயர்.

அர்ஜென்டினாவில் விஷயம் கொஞ்சம் சிக்கல். இத்தாலியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இதே பெயர் வேறு வழியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்பெயினிலும் கண்டெடுத்த குழந்தைகளுக்கு எக்ஸ்பொசிதோ என்றுதான் வைத்தார்கள், எழுத்தில் மட்டும் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்'. ஸ்பானிய ஆட்சியில் புவனோஸ் ஐரிஸில் 1779-இல் இந்தக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறந்தார்கள். அதன் செலவுக்குப் பணம் வேண்டுமே, அதற்காக கோர்தோபாவில் ஜெசுயிட் பாதிரியார்கள் விட்டுப்போன அச்சுப்பொறியைக் கொண்டுவந்து 1780-இல் ஓர் அச்சகம் தொடங்கினார்கள். புவனோஸ் ஐரிஸின் முதல் அச்சகம் அதுதான், "எக்ஸ்பொசிதோ குழந்தைகள் அச்சகம்" என்றே அதற்குப் பெயர். ஒரு நாட்டின் தலைநகரில் அச்சு எழுத்து தொடங்கியதே தொட்டில் பிள்ளைகளின் பால் செலவுக்காக என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆக, இன்று அர்ஜென்டினாவில் ஒருவர் இந்தப் பெயரை 'எக்ஸ்' போட்டு எழுதினால் வேர் பெரும்பாலும் ஸ்பானியம், 'எஸ்' போட்டு எழுதினால் பெரும்பாலும் நேப்பிள்ஸ். அர்ஜென்டினாவின் டாங்கோ இசை உலகில் பாட்டெழுதிய ஓமேரோவும் இசையமைத்த விர்ஹிலியோவும் 'எக்ஸ்' போட்ட சகோதரர்கள், லாலி 'எஸ்' போட்டவர்.

இனி தமிழ். இது மனிதரின் பெயர் என்பதால் பெயராக வரும்போது மொழிபெயர்க்கக் கூடாது, எஸ்போசித்தோ என்றே எழுத வேண்டும். ஆனால் இத்தாலிய வரலாறு எழுதும்போது இதைப் பொதுச்சொல்லாகவும் சொல்ல வேண்டி வரும், அங்கே நம்மவர்கள் யோசிக்காமல் போடுகிற சொல் 'அநாதை'. தவறு. நாதன் இல்லாதவர் என்ற வடமொழிச் சொல் அது, வழக்கில் பெற்றோர் இறந்துபோன பிள்ளையைத்தான் குறிக்கிறது. எஸ்போசித்தோவின் பெற்றோர் அடுத்த தெருவிலேயே உயிரோடு இருந்திருக்கலாம். 'கைவிடப்பட்ட குழந்தை' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பாதிப் பதக்கத்தை உடைத்து மறுபாதியை எடுத்துப்போன தாய் கைவிட்டாள் என்று எழுத எனக்குக் கை வராது. 'கண்டெடுத்த பிள்ளை' பரவாயில்லை, துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த கோதையை நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது எடுத்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கும் சொல், லத்தீன் சொல் வைத்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கிறது.

நம்மிடம் இதற்கு நேரான சொல் தயாராகவே இருக்கிறது. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் பெண் குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் கொன்றுவிடாமல் விட்டுப் போவதற்குத் தொட்டில் வைத்தார்கள், "தொட்டில் குழந்தைத் திட்டம்" என்ற பெயர் பத்திரிகைகளிலும் ஊர் வாயிலும் நிலைத்துவிட்டது. பேர் கேட்காமல் வாங்கிக்கொள்வதற்காகப் பொது இடத்தில் வைத்த தொட்டிலும், சுவரில் பதித்த மர உருளையும் ஒரே வேலையைச் செய்தவை. அதனால் இத்தாலியப் பதிவேட்டின் 'எஸ்போஸ்தி'யைத் தொட்டில் பிள்ளைகள் என்று எழுதலாம், ருவோத்தாவைச் சுழல் தொட்டில் என்று எழுதலாம்.

கடைசியாக 'சர்நேம்'. இதைச் சிலர் குலப்பெயர் என்று எழுதுகிறார்கள். வேறு பெயர்களுக்கு அது பொருந்தலாம், குலம் தெரியாத பிள்ளைக்கு வைத்த இந்தப் பெயரைக் குலப்பெயர் என்பது நேர் முரண். இத்தாலிய மொழியில் இதற்குக் 'கொஞ்ஞோமே' என்று பெயர், பெயரோடு கூட வரும் பெயர் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். நம் வழக்கில் இருக்கும் குடும்பப் பெயர் என்பதே போதும், சரியும்கூட. சக்கரத்தில் வந்த பிள்ளைக்குக் குலம் தெரியவில்லை, குடும்பத்தைப் பிற்பாடு அந்தப் பிள்ளையே உண்டாக்கிக்கொண்டது.