"ஒரு போர்ட் திறந்து தாங்க அண்ணே" என்று இனி கேட்காதீர்கள்

போன வாரமும் ஒன்று. கருங்கல் பக்கம் ஒரு வீடு, மகனுக்கு மஸ்கட்டில் வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ, நிலப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருக்கிறார். அங்கிருந்தே இயக்க வசதியாக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து இயக்கும் வசதி) போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட வாசல்; வெளியிலிருந்து அதைத் தட்டுகிறவரை ரவுட்டர் உள்ளே விடும்படி வைப்பதுதான் ஃபார்வர்டிங். நான் போய்ப் பார்த்தபோது ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திறந்தது. பேக்கப் உண்டா என்று கேட்டேன். உண்டு, அதே கம்ப்யூட்டரில் எந்நேரமும் சொருகியே கிடந்த ஹார்ட் டிஸ்க்கில். அதுவும் போச்சு.

அதைவிட, அந்தத் தம்பி போனில் சொன்னதுதான் எனக்கு எரிச்சல். "3389-ஐ அப்படியே விடலியே அண்ணே, 50389-ண்ணு மாத்தித்தானே வச்சிருந்தேன்? நம்ம வீட்டுல என்ன இருக்குண்ணு எவன் தேடி வரப்போறான்?" (3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் எண்.)

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை இதையே கேட்டுச் சலித்துவிட்டேன். உங்களை யாரும் தேடி வரவில்லை. கோயில் கொடைக்கு வரி பிரிக்க வருகிறவர்கள் வீடு பார்த்தா வருகிறார்கள்? தெருவில் ஒன்று விடாமல் ஏறி இறங்குவார்கள். இதுவும் அப்படித்தான். இணையத்தில் வழக்கமாகப் புழங்கும் எண் முகவரிகளான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரு கிகாபிட் இணைப்பு; உலகத்தின் பொது ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் குறிப்பிட்ட ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். அதற்கு முன்பே, 2009-இல், ஷோடான் வந்துவிட்டது. எந்த முகவரியில் என்ன திறந்து கிடக்கிறது என்று அதில் தேடியே எடுக்கலாம். தட்டுகிறவனுக்கு அது கருங்கல் என்றும் தெரியாது, உங்கள் அப்பாவின் பத்திரம் என்றும் தெரியாது.

எண்ணை மாற்றியதால் என்ன லாபம்? மொத்தப் போர்ட்டுகளே 65,535தான், தட்டிப் பார்ப்பது மெஷின். தட்டியவுடன் 'நான் ரிமோட் டெஸ்க்டாப்' என்று உங்கள் கம்ப்யூட்டரே பதில் கொடுத்துவிடும். எண்ணை மாற்றினால் லாக் ஃபைலில் (யார் யார் தட்டினார்கள் என்ற பதிவு) குப்பை கொஞ்சம் குறையும். அவ்வளவுதான், பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

பாஸ்வேர்டு பெரிசாக இருக்கிறதே என்பார்கள். ஓட்டை மென்பொருளிலேயே இருந்தால் உள்ளே வருகிறவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019-இல் வெளிவந்த ப்ளூகீப் ஓட்டை அந்த வகைதான். ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் ஸ்டோரேஜ் பெட்டிகளைப் பூட்டிவிட்டு ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. தயாரித்த கம்பெனியே அப்போது சொன்னது என்ன தெரியுமா? ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், பெட்டியில் யுபிஎன்பி-யை (சாதனங்கள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள் என்றுதான்.

"நான் எந்தப் போர்ட்டும் திறக்கலியே" என்கிறவர்கள் அந்த யுபிஎன்பி-யைப் போய்ப் பாருங்கள். அது இயங்கினால், கேமரா டிவிஆர் கேட்கும், ரவுட்டர் திறந்து கொடுத்துவிடும். உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

இனி நேர் எதிரான கூட்டம் ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து வரவில்லை என்று புலம்புகிறவர்கள். ரவுட்டரில் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்று காட்டுவதைப் பாருங்கள். 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால், அல்லது முதல் புள்ளிக்கு முன்னால் வெறும் 10 என்று இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பொது முகவரி ஒன்றைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது; அந்த 100.64 வரிசையை 2012-இல் அதற்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. டைனமிக் டிஎன்எஸ்-சுக்கு (மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் சேவை) காசு கட்டுவதும் வீண். சிலர் மாதாமாதம் கூடுதல் பணம் கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்கி, அதன்மேல் போர்ட்டைத் திறந்து வைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற வம்பு.

சரி, செய்ய வேண்டியது என்ன? வெளியிலிருந்து உள்ளே வர வழி தேடாதீர்கள். வீட்டு சர்வரே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளட்டும். உள்ளிருந்து போகிற இணைப்பை ரவுட்டரும் தடுக்காது, சிஜிநாட்டும் தடுக்காது. உங்கள் சாதனங்களை ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் டெயில்ஸ்கேல், ஸீரோடியர் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. வீட்டு சர்வரிலும் உங்கள் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேலை நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். இரண்டுக்கும் 100-இல் தொடங்கும் முகவரி கிடைக்கும் (மேலே சொன்ன அதே வரிசைதான், குழம்ப வேண்டாம்). எஸ்எஸ்ஹெச்சோ (கட்டளை தட்டி இயக்கும் வழி) ரிமோட் டெஸ்க்டாப்போ, அந்த முகவரிக்குப் போனால் போதும். நேர் இணைப்பு அமையாவிட்டால் டெயில்ஸ்கேல் கம்பெனியின் ரிலே (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகப் போகும், கொஞ்சம் மெதுவாக இருக்கும். சொந்தக் கையில்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்பவர்கள் சின்ன விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) ஒன்றை எடுத்து அதில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடலாம். வீட்டுப் பக்க கான்ஃபிகில் 25 விநாடி கீப்அலைவ் (இணைப்பு அறுந்துபோகாமல் அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்கும் அமைப்பு) போட மறந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறது என்று எனக்கு போன் வரும்.

டிவிஆரில் டெயில்ஸ்கேலை ஏற்ற முடியாது. டெயில்ஸ்கேலில் சர்வரையே சப்நெட் ரவுட்டராக்கினால் (வீட்டின் மற்ற சாதனங்களுக்கும் அதுவே வழி விடும்) வீட்டு நெட்வொர்க் முழுக்கத் தெரியும். ஒரு சிக்கல்: உள் முகவரி வரிசை வீட்டிலும் 192.168.1, நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலும் 192.168.1 என்றால் முட்டிக்கொள்ளும். வீட்டில் 192.168.47 என்பதுபோல ஏதாவது ஒன்றுக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

போர்ட் திறக்காமலே வீட்டு சர்வரின் பக்கங்களை இணையத்தில் காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனல் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பொருள்தான். ஆனால் டனல் போட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. முன்னால் ஆக்சஸ் விதி (யார் நுழையலாம் என்ற கட்டுப்பாடு) வைக்காமல் விட்டால் உங்கள் அட்மின் பக்கம் உலகத்துக்கே திறந்துதான் இருக்கும். போர்ட் இல்லாமலே போர்ட்டைத் திறந்த கதை.

டெயில்ஸ்கேல் போட்டபின் வீட்டுச் சாவி இப்போது அதில் நுழையப் பயன்படுத்துகிற உங்கள் கூகுள் கணக்கோ வேறு கணக்கோதான். அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். விற்ற போனை, தொலைந்த போனைப் பட்டியலில் இருந்து நீக்குங்கள். சாதனச் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும்; சர்வருக்கு மட்டும் அந்தக் காலாவதியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தோஹாவில் இருக்கும்போது ஒருநாள் கதவு சாத்திக்கொள்ளும், அம்மாவை வைத்து லாகின் செய்ய முடியாது. பேக்கப் எடுக்கும் டிஸ்க்கை எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். இதைத் தயவுசெய்து என்றே கேட்கிறேன். சில வளைகுடா நாடுகளில் விபிஎன்-னுக்கு (டெயில்ஸ்கேல், வயர்கார்டு எல்லாம் அந்த வகைதான்) கட்டுப்பாடு உண்டு, வேலை பார்க்கும் நாட்டின் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அப்புறம் கரண்ட். ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இருக்கிற நம் மாவட்டத்தில் கரண்ட் போகாத வீடு ஏது? மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) ஒரு அமைப்பு இருக்கும், அதை மாற்றுங்கள். ஸ்லீப் மோடை அணையுங்கள். பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால் (பூட்டி வைத்திருந்தால்) அங்கேயே கேட்டுக்கொண்டு நிற்கும், எந்த டனலும் அங்கே உதவாது.

இதையெல்லாம் ஊரில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் உள்ளே போய்ப் பாருங்கள். ஒழுங்காக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகி, தானாக எழுந்து வருகிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் பழைய ஃபார்வர்டிங் விதிகளை ஒன்றுவிடாமல் அழியுங்கள். பெட்டி கட்டி, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நின்றுகொண்டு "அண்ணே, சர்வர் கிடைக்கலியே" என்று என்னைக் கூப்பிடாதீர்கள்.