எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

சென்ற ஆண்டு, நம்பியூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், கோபிசெட்டிபாளையத்தில் உள்ள என் அலுவலக மேசையின்மேல் ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்தார். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான்கு ஆண்டுகளாக அவர் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் அதில் இருந்தன. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. "கலெக்டருக்கே மனுக் குடுத்தாச்சுங்க, அவருக்கு மேல யாருங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

அவருடைய தோட்டத்துக்குப் போகும் இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதையை, பக்கத்துத் தோட்டக்காரர் கிளுவை வேலி வைத்து அடைத்துவிட்டார். ஒவ்வொரு மனுவும் ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கி, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு கூறும் அதே ஒற்றை வரிப் பதிலுடன் திரும்பியிருந்தது. அலட்சியத்தில் எழுதப்பட்ட பதில் என்று அவர் நினைத்தார். புல வரைபடத்தைப் பார்த்தபோது, வழி பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலத்துக்குள் ஓடியதால், அந்தப் பதில் சரியானதாகவே இருந்தது.

இட்டேரித் தகராறு ஒன்றாகத் தோன்றினாலும், அதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. வழி தனிப் புல எண்ணுடன், கிராம நிலங்களின் விவரம் அடங்கிய 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டியது வருவாய்த் துறை, மனு வட்டாட்சியருக்கு. வழி அடுத்தவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடினால், அனுபவத்தால் வந்த வழி உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கும் இல்லை, ஆட்சியருக்கும் இல்லை. அது உரிமையியல் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டின் வேலை. புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் தமிழக அரசின் மின்சேவை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால், மனு எழுதுவதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுவது நல்லது.

அந்த நான்கு ஆண்டுகள் அவருக்கு இழைத்த கேடு பெரிது. அடுத்தவர் நிலத்தில் உள்ள வழி உரிமை போன்றவற்றுக்கான 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்ததை நிரூபிக்கச் சொல்வதோடு, அந்த அனுபவம் வழக்குத் தொடர்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மனு ரசீதுகள் அந்தக் கெடுவை நிறுத்திவைப்பதில்லை. நல்லவேளையாக, அவருடைய தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாமூல் வழித்தடப் பாத்தியம் (வழக்கமான பாதையில் போய்வரும் உரிமை) குறித்து ஒரு வரி இருந்தது. அதைக் கொண்டுதான் வழக்கைத் தாக்கல் செய்தோம்.

பட்டாவிலும் இதே குழப்பம் நேர்கிறது. பட்டாவில் தவறான பெயர் ஏறிவிட்டால் வட்டாட்சியரிடம் திருத்தம் கேட்கலாம். அவருடைய உத்தரவு பாதகமானால், 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் ஈரோட்டிலும் கோபியிலும் கோட்டாட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால், நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறானால், பட்டா அதைத் தீர்க்காது. ஆவணத்தைப் பராமரிக்கும் அலுவலகம் வேறு, உரிமையை முடிவுசெய்யும் மன்றம் வேறு.

சார்பதிவாளர் அலுவலகத்தின் நிலையும் அதுவே. போலிப் பத்திரத்தை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் அளித்து, பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. பழைய செய்தியை நம்பி இன்னமும் பதிவாளருக்கு மனுப் போட்டுவிட்டு, உரிமையியல் வழக்கைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

மகனுக்கு நிலத்தைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, சோற்றுக்கு அலையும் பெற்றோர் காவல் நிலையத்துக்கும் ஊர்ப் பெரியவர்களிடமும் போகிறார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை அங்கே ஜீவனாம்சம் கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தாக இருந்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால், 23-ஆவது பிரிவின்கீழ் அந்த ஆவணத்தையே செல்லாததாக அறிவிக்கவும் கோரலாம். பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையை வெளிப்படையாக எழுதச் சொல்வது என் வழக்கம்; மகன் முகம் சுளிப்பான் என்று பெரும்பாலான அம்மாக்கள் மறுத்துவிடுகிறார்கள். இச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு வழக்கறிஞர்களை விலக்கிவைப்பதால், மனுதாரரே நேரில் போய்ப் பேசலாம்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் பெருந்துறைச் சிப்காட்டிலும் வேலை செய்வோர், சம்பளம் தொடர்பான எல்லாவற்றையும் 'லேபர் ஆபீஸ்' என்றே சொல்கிறார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) நிலுவைக்கு மாநிலத் தொழிலாளர் துறை சரியான இடம். பி.எப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்களுக்கு உட்பட்டவை என்பதால், பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்ற புகாரை அவற்றின் அலுவலகங்களில்தான் கொடுக்க வேண்டும். விபத்தில் கை போனவர் இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டிருந்தால் இழப்பீடும் அங்கேதான். சேர்க்கப்படாதிருந்தால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்.

பதிவுபெற்ற சீட்டுக் கம்பெனியோடு தகராறு என்றால் பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடமும், முதலீட்டு மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் முறையிட வேண்டும். 2012-இல் ஈமு கோழியில் பணத்தைப் போட்டு இழந்தவர்களுக்குக் கோவையின் சிறப்பு நீதிமன்றம் வரை அந்த வழி தெரியும்.

எந்த அலுவலகம் என்று புரியாவிட்டால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடமோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே வழக்கறிஞரையும் இலவசமாக அமர்த்தித் தருவார்கள். ஏற்கெனவே கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்று அறிய, 10 ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்த விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போனாலும், ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. அந்தப் பதினொரு மனுக்களுக்கும் இப்படி ஒரு சலுகை இருந்ததில்லை.